மெதுவாகச் சாப்பிடும் மீனுக்கு யார் துணை?

பவளத் தொட்டியில் புதிதாக ஒரு மீனை விடப்போகிறவர் கடையில் முதலில் கேட்பது, "இது மத்த மீனோட சண்டை போடுமா?" என்பதுதான். பைப்ஃபிஷ் என்ற பெயரில் விற்கப்படும் குழல்மீன் விஷயத்தில் இதற்குச் சுலபமாகப் பதில் சொல்லிவிடலாம். வேற்று மீன்களோடு அது சண்டைக்குப் போவதில்லை. அதன் வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. மற்ற மீன்களும் அதைப் பெரும்பாலும் சீண்டுவதில்லை. செதில்களுக்குப் பதிலாக எலும்பு வளையங்கள் உடல் நெடுக அடுக்கியிருப்பதால், கடித்துத் தின்ன அதில் சதையும் அதிகமில்லை. எனவே கடைக்காரர் "ரொம்ப சாது, எதோட வேணும்னாலும் போடலாம்" என்கிறார். வாங்கியவரும் நம்பிக் கொண்டுபோய் விடுகிறார். சில வாரங்களில் குழல்மீன் செத்துப்போகிறது. உடலில் ஒரு கீறல்கூட இருக்காது. அடிவயிறு மட்டும் உள்வாங்கி, எலும்பு வளையங்களின் விளிம்புகள் துருத்திக்கொண்டு நிற்கும். தினமும் மூன்று வேளை தீனி போட்ட தொட்டியில் அது பட்டினியால் இறந்திருக்கிறது.

குழல்மீனுக்குத் துணை தேடும்போது யார் யாரைக் கடிப்பார்கள் என்பது இரண்டாவது கேள்விதான். யார் எவ்வளவு வேகமாகச் சாப்பிடுகிறார்கள் என்பதே முதல் கேள்வி. இதைப் புரிந்துகொள்ள அந்த மீனின் தலையையும் குடலையும் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

கடல்குதிரையும், ஆஸ்திரேலியக் கரையோரத்துக் கடல்டிராகனும், குழல்மீனும் சிங்னாத்திடே என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஏறக்குறைய 300 இனங்கள் கொண்ட அந்தக் குடும்பத்தில் பெரும்பகுதி குழல்மீன்கள்தாம். கடல்குதிரையின் உடலை நேராக நீட்டிப் படுக்கவைத்தால் என்ன கிடைக்குமோ, ஏறக்குறைய அதுதான் குழல்மீன். பரிணாம வரலாறு நடந்தது எதிர்த்திசையில்: நீண்டு கிடந்த குழல்மீன் போன்ற மூதாதையிலிருந்துதான் நிமிர்ந்து நிற்கும் கடல்குதிரை வந்தது. இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தாடைகள் நீண்டு, இணைந்து, ஒரு குழலாகிவிட்டன. அந்தக் குழலின் நுனியில் மிகச் சிறிய வாய். மெல்ல முடியாது, கிழிக்க முடியாது, பெரிய துண்டைக் கடித்துச் சிறிதாக்கவும் முடியாது. குழலின் விட்டத்துக்குள் அடங்குவது மட்டுமே உணவு.

கடலில் அந்த அளவுக்குள் அடங்கும் உணவு பெரும்பாலும் கோபிபாட் எனப்படும் துடுப்புக்காலிகள். ஒரு மில்லிமீட்டருக்கு முன்பின்னாக இருக்கும் ஓட்டுடலிகள் இவை. பார்ப்பதற்கு எளிய இரையாகத் தோன்றும். உண்மையில் கடலில் பிடிக்கக் கடினமான உயிர்களில் ஒன்று. அதன் உணர்கொம்புகளில் உள்ள நுண்ணிய மயிர்கள், நெருங்கி வரும் எதுவும் தண்ணீரில் ஏற்படுத்தும் மிகச் சிறிய அசைவைக்கூட உணர்ந்துவிடும். உணர்ந்த சில மில்லி நொடிகளுக்குள் அது துள்ளி விலகிவிடும். அந்தத் துள்ளலின் வேகம், உடல் நீளத்தை வைத்துக் கணக்கிட்டால், நொடிக்கு 500 உடல் நீளத்தையும் தாண்டக்கூடியது. இவ்வளவு உஷாரான ஒன்றை, விரைந்து நீந்தத் தெரியாத ஒரு மீன் எப்படிப் பிடிக்கிறது?

நெருங்குவதில்தான் அதன் திறமை. 2013-இல் ப்ராட் ஜெம்மெல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், குள்ளக் கடல்குதிரை கோபிபாடை வேட்டையாடுவதை முப்பரிமாணப் படமாகப் பதிவு செய்தார்கள். கடல்குதிரையின் குழல்முகத்துக்கு மேலே, சரியாக வாய் நெருங்கும் அந்த இடத்தில், தண்ணீர் ஏறக்குறைய அசையாமலே இருந்தது. தலையின் வடிவம் அப்படி. எனவே கோபிபாட் எச்சரிக்கை அடைவதற்குள் வாய் ஒரு மில்லிமீட்டர் தொலைவுக்கு வந்துவிடுகிறது. அசைவற்ற தண்ணீரில் பத்துக்கு ஒன்பது தடவை இரை சிக்கியது. அசைவற்ற தண்ணீரில் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நீரைச் சுழற்றும் பவர்ஹெட் என்ற பம்பைப் பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

நெருங்கிய பிறகு நடப்பது கண்ணுக்கே புலப்படாத வேகத்தில் முடிந்துவிடும். தலைக்குப் பின்புறமுள்ள தசைநாண்களில் இழுவிசை முன்கூட்டியே தேக்கி வைக்கப்பட்டிருக்கிறது. தொண்டைப் பகுதி எலும்புகள் தலையைப் பூட்டி நிறுத்தியிருக்கின்றன. அந்தப் பூட்டு விலகியதும் தேங்கிய விசை முழுவதும் ஒரே நேரத்தில் வெளிப்பட்டு, தலை மேல்நோக்கிச் சுழல்கிறது. குழலின் நுனி இரைக்கு அருகில் போய் நிற்கிறது. அதே கணத்தில் குழல் விரிந்து தண்ணீரையும் இரையையும் உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. எல்லாம் சேர்த்து ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு. தசை நேரடியாக இயங்கித் தரக்கூடிய வேகம் இதில் ஒரு சிறு பகுதிதான். தேக்கிவைத்து விடுவதால்தான் இது முடிகிறது. தீனி வேளையில் தொட்டிக்கு வெளியே அமைதியாக நின்றால் ‘டிக்’ என்று ஒரு சிறு ஒலி கேட்கும். அந்தத் தாக்குதலின் ஒலி அது.

கடல்குதிரைக்கும் குழல்மீனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு, அது தொட்டி வைத்திருப்பவருக்கு முக்கியமானது. சாம் வான் வாசன்பெர்க் என்ற பெல்ஜிய ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் 2011-இல் காட்டியது இது: கடல்குதிரையின் தலை உடலுக்கு வளைந்து அமைந்திருப்பதால், அது தன் வாயைக் குழல்மீனைவிட அதிக தூரத்துக்கு எட்டவிட முடிகிறது. எனவே வாலால் எதையாவது பற்றிக்கொண்டு, இரை வரும்வரை காத்திருந்து பிடிக்கலாம். நேரான தலை கொண்ட குழல்மீனுக்கு அந்த வசதி இல்லை. அது தானே இரையிடம் போக வேண்டும். கடல்குதிரையைவிட நெருக்கமாகப் போக வேண்டும். ஒவ்வொரு துகளையும் ஒரு கண்ணால் பார்த்து, பிறகு இன்னொரு கோணத்திலிருந்து பார்த்து (இரண்டு கண்களும் தனித்தனியே சுழலும்), உடலை மெல்ல வளைத்துக் குழலை நேர்ப்படுத்தி, அதன் பிறகுதான் தாக்கும். தாக்குதல் மில்லி நொடிக் கணக்கு. அதற்கான தயாரிப்போ பல நொடிகள். அந்தப் பல நொடிகளில்தான் ஒரு கோமாளிமீன் வந்து அந்தத் துகளை விழுங்கிவிட்டுப் போய்விடுகிறது.

இனி குடல். இந்தக் குடும்பத்துக்கு வயிறு, அதாவது இரைப்பை, கிடையாது. உணவைச் சேமித்து வைத்து, அமிலம் சுரந்து, பொறுமையாகச் செரிக்கும் பை எதுவும் இல்லாமல் வாயிலிருந்து நேராகக் குடலுக்குப் போகிறது. ஒரு வேளை நிறையச் சாப்பிட்டு மறுநாள் வரை தாங்குவது மற்ற பல மீன்களுக்கு இயலும்; குழல்மீனுக்கு இயலாது. உள்ளே போவது விரைவாக வெளியே வந்துவிடும். அதனால் பகல் முழுக்க, கொஞ்சம் கொஞ்சமாக, இடைவிடாமல் அது உண்டுகொண்டே இருக்க வேண்டும். கடலில் அதன் நாள் அப்படித்தான் கழிகிறது: பாறை இடுக்கு, மணல் விளிம்பு, பவளக் கிளை என்று ஒவ்வொன்றாகத் துழாவி, ஒவ்வொரு இரையாக எடுத்துக்கொண்டு நகரும்.

மெதுவான வாய், தாங்காத குடல். இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் உருக்கிய மைசிஸ் இறாலைத் தொட்டியில் கொட்டுகிற வழக்கம் இந்த மீனின் உடலமைப்புக்கு ஒத்துவராது. கொட்டிய உடனே டாம்செல் மீன்களும் ராஸ் மீன்களும் ஆன்தியாஸும் பாய்ந்து இரண்டு நிமிடத்தில் தண்ணீரைத் துடைத்துவிடும். பந்தியில் இலை போட்டு முதல் வாய் எடுப்பதற்குள் இலையை மடிக்கச் சொன்னால் எப்படி இருக்குமோ, அதுதான் அன்றாடம் குழல்மீனின் நிலை. பக்கத்து மீன்கள் அதற்கு ஒரு தீங்கும் செய்வதில்லை. தங்கள் இயல்புப்படி சாப்பிடுகின்றன, அவ்வளவுதான்.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் மாண்டரின் மீன். பச்சையும் நீலமும் ஆரஞ்சும் கலந்த, சிங்கிரோபஸ் ஸ்ப்ளெண்டிடஸ் என்ற அந்தச் சிறிய மீனைக் குழல்மீனுக்கு உகந்த துணை என்று பலர் சொல்வார்கள். குணத்தைப் பார்த்தால் உண்மைதான். அதுவும் மெதுவானது, அதுவும் சாது, யாரையும் துரத்தாது. ஆனால் அதுவும் பகல் முழுக்கப் பாறைமேல் ஊர்ந்து கோபிபாடைத்தான் பொறுக்குகிறது. சிறிய தொட்டியில் இரண்டையும் விட்டால், ஒன்றோடொன்று உரசிக்கொள்ளாமல், பாறையில் இருக்கும் இரையை ஒன்றாகச் சேர்ந்து தீர்த்துவிட்டு, இரண்டும் மெலியும். சாதுவான இரண்டு மீன்கள் ஒன்றையொன்று பட்டினி போட முடியும் என்பதை நம் ‘பொருந்தும், பொருந்தாது’ அட்டவணைகள் சொல்வதே இல்லை. மாண்டரினும் குழல்மீனும் சேர்ந்து வாழ முடியும். அதற்குப் பாறைகள் நிறைந்த பெரிய தொட்டியும், கோபிபாட் தானாகப் பெருகும் ஏற்பாடும் வேண்டும். இல்லையென்றால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே அந்த உயிர்களுக்கு நாம் செய்யும் நியாயம்.

ஆறுகோட்டு ராஸ் என்ற சின்ன மீனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விரல் நீளம்தான், அழகானது, விலையும் குறைவு. ஆனால் பாறை இடுக்குகளில் நாள் முழுக்கக் கோபிபாடைத் தேடித் தின்னும். புதிதாக வரும் மெலிந்த மீன்களைத் துரத்தவும் செய்யும். குழல்மீனுக்கு இரண்டு வழியிலும் கேடு. அதை விட்ட தொட்டியில் குழல்மீன் வைக்க வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன். டிரிகர் மீன்கள், பேத்தை மீன்கள், ஹாக்ஃபிஷ், டாட்டிபேக் ஆகியவற்றுக்கும் இதே பதில்தான். சிங்கமீனும் தவளைமீனும் குழல்மீனை முழுசாகவே விழுங்கிவிடும்.

அப்படியானால் யாரோடு வைக்கலாம்? வாய் சிறியதான, நிதானமாகச் சாப்பிடுகிற, தொட்டியின் வேறொரு மட்டத்தில் வாழ்கிற மீன்களோடு. மணலை ஒட்டி வாழும் சிறு கோபி மீன்கள், வளைக்கு மேலே நின்றபடி மிதந்து வரும் துகளை எடுக்கும் ஃபயர்ஃபிஷ், பகலில் பாறை நிழலில் சோம்பிக் கிடந்து அந்தி சாய்ந்தபின் நடமாடும் கார்டினல் மீன்கள். இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளைச் சேர்ந்த பங்காய் கார்டினல் இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் ஆண் முட்டைகளை வாயில் சுமந்து காக்கும். குழல்மீனில் ஆண் உடலில் சுமக்கும். தகப்பன்மார் பொறுப்பேற்கும் இரண்டு குலங்கள் ஒரே தொட்டியில் இருப்பதைப் பார்ப்பது பெரிய மகிழ்ச்சி.

குழல்மீன் என்று பொதுவாகச் சொன்னேன்; பவளத் தொட்டிக்கு வருபவற்றில் இரண்டு வகைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இரண்டின் வாழ்விடமும் வேறு, எனவே தொட்டியில் அவற்றின் சிக்கல்களும் வேறு.

முதல் வகை கொடிவால் குழல்மீன்கள். வால்துடுப்பு அகன்று, நிறம் தீட்டிய சிறு கொடியாக விரிந்திருக்கும். உடல் முழுக்கக் கருஞ்சிவப்பும் வெளிர்மஞ்சளும் மாறி மாறி வளையமிட்ட டன்கெரோகாம்பஸ் டாக்டிலியோஃபோரஸ், 19 சென்டிமீட்டர் வரை வளரும். நீலக்கோடு ஓடும் டோரிராம்ஃபஸ் எக்சிஸஸ் 7 சென்டிமீட்டர்தான். செங்கடலிலிருந்து அமெரிக்காவின் பசிபிக் கரை வரை பரந்த பெரும்பரப்பில் வாழ்கிறது. நடுவுடல் ஆரஞ்சாகவும் இரு முனைகள் நீலமாகவும் இருக்கும் டோரிராம்ஃபஸ் ஜான்சி, மேற்குப் பசிபிக்கில் குகைகளிலும் பாறை விளிம்புகளின் அடியிலும் ஜோடியாக நின்று, கார்டினல், டாம்செல் போன்ற மீன்களின் உடலிலிருந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கும். துப்புரவு மீன் என்றால் நமக்கு நினைவு வருவது ராஸ்தான். இப்படி ஒரு குழல்மீனும் அந்தத் தொழிலைச் செய்கிறது. இந்த வகையினர் தரையைத் தொடாமல் எப்போதும் நீந்திக்கொண்டே இருப்பார்கள். நிழலும், தலைக்கு மேலே ஒரு பாறைக் கூரையும் வேண்டும். நீச்சலில் ஓரளவு வல்லவர்கள், உருக்கிய தீனியை எடுக்கவும் சீக்கிரம் பழகுவார்கள். முதன்முறையாகக் குழல்மீன் வைப்பவருக்கு என் பரிந்துரை இவர்கள்தாம்.

இரண்டாவது வகை டிராகன்முகக் குழல்மீன்கள், கோரிதோஇக்திஸ் பேரினம். வால்துடுப்பு மிகச் சிறிது. பாம்பு ஊர்வதுபோல் மணல், பவளச் சிதறல், பாறை என்று தரையோடு தரையாகவே நகர்வார்கள். கழுத்தைத் தூக்கி, கண்ணை உருட்டி, அடுத்த இரையைத் தேடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். உயிருள்ள இரை தவிர வேறு எதையும் ஏறெடுத்துப் பார்க்காத பிடிவாதம் இவர்களிடம் அதிகம். அசையாத உணவு இவர்கள் கண்ணுக்கு உணவாகவே படுவதில்லை. அதனால் பட்டினியில் சாவதும் இவர்களே அதிகம்.

அக்ரோபோரா பவளம் வளர்ப்பவர்கள் டிராகன்முகத்தை வேறொரு காரணத்துக்காகத் தேடி வருகிறார்கள். அந்தப் பவளத்தின் மேல் அரை மில்லிமீட்டர் அளவில், மஞ்சளில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தது போன்ற பூச்சிகள் பற்றிக்கொள்ளும். பவளத்தின் நிறம் மங்கி வளர்ச்சி குன்றும். டெகாஸ்டஸ் அக்ரோபோரானஸ் என்ற இதுவும் ஒரு கோபிபாட்தான். இதை ஒழிக்க, நாய்களுக்கு இதயப்புழு வராமல் தடுக்கத் தரும் மில்பெமைசின் மாத்திரையைத் தொட்டியில் கரைப்பது ஒரு வழக்கம். அது பூச்சியைக் கொல்லும். கூடவே இறால், நண்டு, நல்ல கோபிபாட் என்று தொட்டியில் உள்ள ஓட்டுடலிகளையெல்லாம் கொல்லும். குழல்மீனோ கிளை கிளையாகச் சென்று பூச்சியை மட்டும் பொறுக்கி எடுக்கிறது என்பது வளர்ப்பவர்களின் அனுபவம். நல்ல யோசனைதான். ஆனால் பூச்சி தீர்ந்த பிறகு அந்த மீன் எதைத் தின்னும் என்று யோசிக்காமல் வாங்குவது, ஒரு உயிரை மருந்துப் புட்டியாகப் பயன்படுத்துவது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அக்ரோபோரா தொட்டியில் இன்னொரு முரணும் இருக்கிறது. அந்தப் பவளத்துக்கு வேகமான நீரோட்டம் வேண்டும். பவர்ஹெட்டுகள் நான்கு பக்கமும் தண்ணீரை அறைந்துகொண்டிருக்கும். அசைவற்ற நீரில் பத்துக்கு ஒன்பது என்ற வெற்றி, அறைபடும் நீரில் கிடைக்காது. துகள் ஓர் இடத்தில் நிற்காது, மீனும் நிற்க முடியாது. எனவே தொட்டியில் பாறைகளை அடுக்கும்போதே ஓட்டம் குறைந்த ஒரு மூலையை, ஒரு குகையை, பாறைக்குப் பின்னே ஒரு நிழலை ஒதுக்கிவிட வேண்டும். தீனி வேளையில் பம்புகளை 15, 20 நிமிடம் நிறுத்தி வைப்பதும் பெரிய உதவி. பவர்ஹெட்டின் உறிஞ்சுவாயில் வலையோ ஸ்பாஞ்சோ கட்டாமல் குழல்மீன் வைக்கவே கூடாது. மெலிந்த உடல் அதன் சட்டங்களுக்கிடையில் எளிதாகப் புகுந்துவிடும். தண்ணீர் வழிந்தோடும் பெட்டியின் பற்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

துணை என்றால் மீன் மட்டுமா? பவளங்களும் அந்தத் தொட்டியின் குடிமக்கள்தாம், அவற்றுக்கும் பசி உண்டு. கடல் சாமந்தி, குறிப்பாகக் கம்பளம்போல் விரியும் வகை, தன்மேல் வந்து படிகிற குழல்மீனைக் கொட்டி மடக்கி விழுங்கிவிடும். நீண்ட கொட்டும் விரல்களை உடைய யூஃபில்லியா, எலிகன்ஸ் பவளம் ஆகியவையும் ஆபத்து. கொடிவாலினர் நீந்திக்கொண்டே இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடுவார்கள். ஊர்ந்து போகும் டிராகன்முகத்தினருக்குத்தான் அபாயம். மென்பவளங்கள், காளான் பவளங்கள், சிறு பாலிப் கொண்ட பவளங்கள் பாதுகாப்பானவை. பெரிய நண்டுகளும், கொடுக்கு நீண்ட பாக்ஸிங் இறாலும் இரவில் மெதுவான மீனைப் பிடித்துவிடும்.

நோய் பற்றி ஒரு குறிப்பு. வடக்கு ஐரோப்பியக் கடல்களில் வாழும் சிங்னாதஸ் டைஃப்லே என்ற குழல்மீனில், முதுகெலும்புள்ள விலங்குகளின் நோய் எதிர்ப்பில் மையமான எம்.எச்.சி. இரண்டாம் வகை அமைப்பே செயல்படுவதில்லை என்று 2013-இல் ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆண் கருவைச் சுமப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு: வேறொரு உயிரின் மரபணுவைச் சுமக்கும் கருவை உடல் அந்நியமென்று தாக்காமல் இருக்க வேண்டுமே. இந்த ஓர் இனத்தின் முடிவை எல்லாக் குழல்மீன்கள் மேலும் ஏற்றிவிடக் கூடாது. ஆனால் இந்தக் குடும்பத்தின் மீன்களை விப்ரியோ பாக்டீரியா எளிதில் வீழ்த்துவது வளர்ப்பவர்கள் அறிந்ததே. தண்ணீர் சூடேறினால் அந்தப் பாக்டீரியா வேகமாகப் பெருகும். 25, 26 டிகிரிக்கு மேல் ஏறவிடாமல் வைப்பது, புதிய மீனைத் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்ப்பது, கடலில் பிடித்த குழல்மீனையும் தொட்டியில் பிறந்த கடல்குதிரையையும் ஒன்றாகக் கலக்காமல் இருப்பது, இவை மூன்றும் பல உயிர்களைக் காக்கும்.

தன் இனத்தோடு அது எப்படி வாழ்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சண்டையே போடாத மீன் இங்கே சண்டை போடும். ஒரே தொட்டியில் இரண்டு ஆண் கொடிவால்களை விட்டால் ஒன்று மற்றதை ஓயாமல் விரட்டும். ஓர் ஆண், ஒரு பெண் என்றால் அருமையாக வாழும். ஜப்பானியக் கடலோரத்தில் கோரிதோஇக்திஸ் ஹீமாடோப்டெரஸ் என்ற டிராகன்முக இனத்தை ஆராய்ந்த மாட்சுமோட்டோ, யானகிசாவா இருவரும், இவை ஒரே துணையோடு வாழ்வதையும், துணைக்காகப் போட்டியிடுவதில் பெண்ணே முன்நிற்பதையும் 2001-இல் பதிவு செய்தார்கள். பெண் தன் முட்டைகளை ஆணின் உடலில் ஒட்டிவிடும். பொரியும்வரை ஆண் சுமக்கும். டிராகன்முகத்தில் வாலின் அடிப்பகுதியில், தோல் மடிப்புகளுக்குள். கொடிவாலில் அடிவயிற்றில், மறைப்பு அதிகமில்லாமல். ஒழுங்காகச் சாப்பிடும் ஜோடி பவளத் தொட்டியிலேயே முட்டையிடும். வயிற்றின் கீழ் முத்து முத்தாகச் சிவந்த வரிசை தெரிந்தால், அந்தத் தொட்டியில் உணவுக் கணக்கு சரியாக இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அந்தக் கணக்கை எப்படிச் சரிசெய்வது? தொட்டிக்குக் கீழே உள்ள சம்ப்பில் ஓர் அறையை ஒதுக்கி, கீட்டோமார்ஃபா என்ற பச்சைப் பாசியைப் பந்தாக வளரவிட்டு, மேல்தொட்டியின் விளக்கு அணையும் நேரத்தில் அங்கே விளக்கு எரியுமாறு வைப்பார்கள். மீன் போக முடியாத அந்த இடத்தில் டிஸ்பே போன்ற கோபிபாட்கள் பாசிக்குள் பெருகி, நீரோட்டத்தோடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து சேரும். நாள் முழுக்கச் சிறிது சிறிதாக உணவு வந்துகொண்டே இருப்பது, இரைப்பை இல்லாத மீனுக்கு ஏற்ற முறை. இந்த ஏற்பாடு நிலைபெறக் குறைந்தது ஆறு மாதமாவது ஆகும். புதுத் தொட்டியில் குழல்மீன் நிலைக்காததற்கு முக்கியக் காரணம் இதுவே.

ஆர்டீமியாவும் உண்டு. உப்பளங்களில் வாழும் இந்தச் சிறு இறாலின் முட்டைகள் உப்புநீரில் ஏறக்குறைய ஒரே நாளில் பொரிந்துவிடும். தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்டீமியா உண்டு. பொரிந்த குஞ்சு அரை மில்லிமீட்டருக்குள், துடித்து நீந்தும், பிடிவாதமான டிராகன்முகம்கூட மறுக்காது. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. குழல்மீனுக்குத் தேவையான டி.எச்.ஏ. என்ற கொழுப்பமிலம் ஆர்டீமியாவில் மிகக் குறைவு, கோபிபாடில் நிறைய உண்டு. குஞ்சுகளுக்கு நுண்பாசியும் கொழுப்புச் சத்தும் ஊட்டி, அதன் பிறகு மீனுக்குப் போட வேண்டும். உருக்கிய மைசிஸ் கொடுப்பதானால் சிறிய ரகமாகப் பார்த்து, நீண்ட குழாயால் மெதுவாக, குழல்மீனின் முகத்தருகே விட வேண்டும். அதற்கு முன்பே தொட்டியின் மறுகோடியில் மற்ற மீன்களுக்குத் தீனியைப் போட்டு, அவற்றை அங்கே நிறுத்திவிட வேண்டும்.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் 2001-இல் சிங்னாத்திடே குடும்பம் முழுவதும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. கடல்குதிரையோடு குழல்மீனும் அதில் அடக்கம். கல்பவளங்களுக்கும் அதே பாதுகாப்பு அதே ஆண்டில் வந்தது. பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் படுகைகளில் வாழும் சிங்னாதாய்டஸ் பயாகுலியேட்டஸ் என்ற பச்சை நிறக் குழல்மீன், புல்லோடு புல்லாக நிமிர்ந்து நின்றால் கண்டுபிடிக்கவே முடியாது. இறாலுக்குப் போட்ட இழுவலையில் அது கடற்புல்லோடு சேர்ந்து வாரப்பட்டு வந்துவிடுகிறது. கடல்குதிரையைப் போல உலர்த்திச் சீன மருத்துவத்துக்கு விற்கப்படும் வழக்கமும் இருந்தது. யாராவது உயிரோடு பிடித்த ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால், அழகாக இருக்கிறதே என்று வாங்கிவிடக் கூடாது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கடற்புல்லின் அமைதியான நீரும், அங்கே குறைவில்லாமல் இருக்கும் இரையும் எந்த வீட்டுத் தொட்டியிலும் கிடைக்காது. அந்த மீன் அங்கேயே இருக்கட்டும்.

சிங்கப்பூரிலோ லண்டனிலோ டொரன்டோவிலோ சட்டப்படி குழல்மீன் வாங்கக்கூடிய வாசகர்கள் தொட்டியில் பிறந்து வளர்ந்த மீன் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கடலிலிருந்து பிடித்து, பைகளில் அடைத்து, கடை கடையாக மாறி வரும் மீன் பல நாள் சாப்பிடாமலே வந்து சேர்ந்திருக்கும். தொட்டியில் பிறந்த மீன் குஞ்சிலிருந்தே நாம் தரும் தீனிக்குப் பழகியிருக்கும். எதுவானாலும் பணம் கொடுக்கும் முன், உங்கள் கண்ணெதிரே அதற்குத் தீனி போடச் சொல்லுங்கள். மேலிருந்து பார்த்தால் உடல் உருண்டையாக இருக்க வேண்டும், பக்கவாட்டில் பார்த்தால் அடிவயிறு ஒட்டியிருக்கக் கூடாது. குழல் நுனி வெளுத்தோ அரித்தோ இருந்தால் விட்டுவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதலில் குழல்மீனைத் தொட்டியில் குடியேற்றுங்கள். அது நன்றாகச் சாப்பிட்டு இடம் பிடித்த பிறகு, சில வாரம் கழித்து, மற்ற மீன்களை ஒன்றொன்றாக விடுங்கள். ஒவ்வொரு மீன் வந்த பிறகும் குழல்மீனின் வயிற்றை ஒரு வாரம் கவனித்து, அது மெலியவில்லை என்று தெரிந்த பிறகே அடுத்ததை விட வேண்டும்.